ஓட்டுற ஓனர்

அநியாயம் நடந்தது எங்கள் அம்மாவுக்கு, அண்ணாச்சி. செய்தது இந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ். வண்டியின் சொந்தக்காரியைக் கண்ணெதிரே நிற்க வைத்துக்கொண்டே, "ஓனரைக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அதுவும் ஒரு தடவை இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இதோ, இந்த வேப்பமரத்தடியில், அவர்கள் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்துகொண்டே சொல்வேன். காதில் விழட்டும்.

நீங்கள் உட்காருங்கள். உங்களையும் நாளைக்கு வா என்றுதானே அனுப்பிவிட்டார்கள்? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பழைய ஸ்கூட்டரா? ஆர்.சி. தொலைந்துவிட்டதா? அப்படியானால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போங்கள், உங்களுக்கு உதவும். ஃபைலைக் கீழே வைக்காதீர்கள், மடியில் வையுங்கள். இந்த ஆடு போன வாரம் ஒருத்தருடைய இன்சூரன்ஸ் பேப்பரைத் தின்றுவிட்டது. அதற்கும் ஆபீஸ் பொறுப்பில்லையாம். ஆட்டுக்கு யார் பொறுப்பு என்று நான் ஒரு மனு எழுதலாம் என்றிருக்கிறேன்.

அம்மாவா? உள்ளே இருக்கிறாள். வர நேரமாகும். நாம் பேசலாம்.

என் பேர் குழல்வாய்மொழி. எல்லாரும் குழலி என்பார்கள். சமூகவியல் எம்.ஏ. படிக்கிறேன், திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருக்கிறேன். பட்டிமன்றம், விவாத மேடை எதிலும் என்னை எதிரணியில் போடத்தான் பயப்படுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. இந்த வழக்கை யார் நடத்தினார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா, அதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் வண்டி ராஜ்தூத். அந்தக் காலத்துப் பால்காரர்கள் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊரை எழுப்பிக்கொண்டே போவார்களே, அது. எங்கள் ஊரில் மகளிர் பால் சங்கம் என்று ஒன்று இருந்தது. கடனைப் பெண்கள் பேருக்குத்தான் கொடுப்பார்கள். அதனால் வண்டி அம்மா பேரில் வந்தது. உலகம்மாள். ஓட்டியது அப்பா. எங்கள் தெருவுக்கு அப்படி வந்த வண்டிகள் எத்தனையோ. ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பேர் இருக்கும், ஹேண்டில்பாரை வேறொரு கை பிடித்திருக்கும். கடனைப் பாலில் கழித்தார்கள். பாலைக் கறந்தது அம்மா. ஊரைச் சுற்றியது அப்பா. இதில் யார் ஓனர்? நீங்களே சொல்லுங்கள்.

பிறகு அப்பா புனலூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்து வேலைக்குப் போனார். போன இடத்தில் இன்னொரு குடும்பமாகிவிட்டார். அதை நான் பெரிதாகப் பேச விரும்பவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். போகும்போது வண்டியை விட்டுவிட்டு ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுபோனார். பையோடு பையாகப் போய்விட்டதாம். வண்டியைக் கொண்டுபோய்ப் புத்தகத்தை விட்டுப் போகிற மனுஷனைப் பார்த்திருப்பீர்கள். இப்படி ஒருத்தரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் போன் போட்டுக் கேட்டேன். "அது எங்க கிடக்கோ, யாரு கண்டா. அந்த இரும்பத் தூக்கிப் பழைய சாமானுக்குப் போட்டுத் தொலைங்களேன்" என்றார். வைத்துவிட்டேன்.

வண்டி மாட்டுக் கொட்டகையில் நின்றது. பத்து வருஷத்துக்கு மேலே. சீட்டில் கோழி அடையும். நான் அதன்மேல் உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன். பிறகு ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன்.

போன பொங்கல் லீவுக்கு வந்தபோது, தண்ணீர்த் தொட்டியில் தவிடு கலக்கிக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஏட்டி, அந்த வண்டிக்கு மறுபடி பேப்பர் வாங்க முடியுமா? ரோட்டுல செக்கிங் ஜாஸ்தியா இருக்காம். பேப்பர் இல்லாத பழைய வண்டியப் பிடிச்சா, நேரா உடைக்க அனுப்பிருதாங்களாம்."

"நிக்கிற வண்டிக்கு எதுக்கும்மா செக்கிங் பயம்?" என்று சிரித்தேன்.

அம்மா தவிட்டைக் கலக்கினாள்.

ஆனால் ஹாஸ்டலுக்குத் திரும்பின பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை, அண்ணாச்சி. யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷம் வாயைத் திறக்காத ஒரு பெண், தன் பேரில் இருக்கிற சொத்தைப் பற்றி முதன்முதலாகக் கேட்கிறாள். அது சாதாரணக் கேள்வியா? அது உரிமைக் குரல். நான் எங்கள் துறையில் இதைப் பற்றி ஒரு கட்டுரையே வாசித்தேன். பெண்ணின் பேரும் ஆணின் பயன்பாடும் என்று தலைப்பு. பேராசிரியர் எழுந்து நின்று பாராட்டினார். அம்மாவின் வண்டி அம்மாவின் பேரிலேயே மறுபடி பதிவாக வேண்டும், அதை அவள் மகள் ஓட்ட வேண்டும் என்று முடித்திருந்தேன். ஆமாம், நான்தான் ஓட்டுவதாக இருந்தேன். பல்கலைக்கழக வாசலில் ஒரு பெண் ராஜ்தூத்தில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? ஓட்டத் தெரியாதுதான். அது பழகினால் வந்துவிடும். முதலில் கொள்கை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அந்த இரண்டாவது ஜன்னல் இருக்கிறதே, ஹெட் கிளார்க் நெல்லையப்பன். கண்ணாடிக்கு மேலே பார்ப்பார், கண்ணாடி வழியாகப் பார்க்கவே மாட்டார். நான் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஓனர் வரணும்மா" என்றார்.

"இவங்கதான் சார் ஓனர். உலகம்மாள்."

"அதில்லம்மா. பேருக்கு இருக்க ஓனர் இல்ல. ஓட்டுற ஓனர்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! "சட்டத்துல ஓட்டுற ஓனர், ஓட்டாத ஓனர்னு ரெண்டு வகை இருக்கா சார்? பஸ் ஓனர் பஸ் ஓட்டுறாரா?"

"பாப்பா, பஸ்ஸுக்கு வேற கவுண்டர்."

"நான் உதாரணம் சொன்னேன் சார்!"

"உதாரணத்துக்கு இங்க கவுண்டரே கிடையாது. வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா? இருந்தா அனுப்பி வைங்க. வண்டி சம்பந்தமா ஏதாச்சும் கேட்டா பதில் சொல்லத் தெரியணும்லா."

கேட்டீர்களா? பதில் சொல்லத் தெரியணுமாம். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், அந்த வண்டிய நாந்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ பேசாம இரும்மா, நான் பேசுறேன்" என்றேன். இந்த மாதிரி இடங்களில் நம்மவர்கள் பாதி வார்த்தை சொல்லி மாட்டிக்கொள்வார்கள், அண்ணாச்சி. அதை வைத்தே மடக்குவார்கள். நான் குரலை உயர்த்திச் சொன்னேன்: "எங்க அம்மா பைக்ல பின்னாடிகூட ஒழுங்கா உக்காரத் தெரியாதவங்க சார். பிரேக் எது, கிளட்ச் எதுன்னு அவங்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஓனர் அவங்கதான். ஓட்டத் தெரியாதவங்களுக்கும் உடைமை உண்டு. அதுதான் உரிமை!"

வரிசையில் நின்ற ஒருவர் கைதட்டினார். கொசு அடித்தார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நடை. தொலைந்த புத்தகத்துக்குப் போலீஸ் ஸ்டேஷனில் சான்று. எங்கே தொலைத்தீர்கள் என்று கேட்டார்கள். "ஒரு கல்யாணத்துல" என்றேன். அப்பாவுடைய இரண்டாவது கல்யாணம் என்று நான் விவரிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. மாவட்டம் பிரிவதற்கு முந்திய பதிவு பழைய ஆபீஸில் இருந்தது. எழுதிக் கேட்டு, மறுபடி எழுதிக் கேட்டு, வரவழைத்தேன். வந்தது. உலகம்மாள் என்றுதான் இருந்தது. அதை நெல்லையப்பன் சாரிடம் நீட்டினேன். கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "சரிதான். பேரு இவங்க பேருதான். அதுக்கென்ன இப்போ, வண்டி அதே வண்டிதான்னு தெரியணும்லா" என்றார்.

பாருங்கள், முதலில் ஆளை ஒத்துக்கொள்ளவில்லை. ஆளை ஒத்துக்கொண்டதும் வண்டியை ஒத்துக்கொள்ளவில்லை.

சேஸிஸ் நம்பர் கேட்டார்கள். தெரியும்தானே? வண்டி எலும்பில் அடித்திருக்கிற நம்பர். அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு எழும்பி வரும். அந்தக் காகிதத்தை ஒட்டிக் கொடுக்க வேண்டும். சரி என்று லீவு போட்டு ஊருக்கு வந்தேன். கொட்டகையில் போய்ப் பார்த்தால் நம்பர் இருக்கிற இடம் முழுக்கத் துரு, எண்ணெய்ப் பிசுக்கு. இப்படி ஒரு அழுக்கைக் காட்டினால் ஆபீஸில் என்ன சொல்வார்கள்? அதனால் உப்புத்தாள் வாங்கி வந்து தேய்த்தேன். நல்ல முரட்டு உப்புத்தாள். சாயங்காலம் வரை தேய்த்தேன், அண்ணாச்சி. வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஆக்கிவிட்டேன். அம்மா வந்து பார்த்தாள். "ஏட்டி, நம்பரையும் சேத்துல்லா தேய்ச்சுட்ட" என்றாள். "தெளிவா இருக்கும்மா, சாய்ச்சுப் பாரு" என்றேன்.

காகிதத்தில் அச்சு கொஞ்சம் மங்கலாகத்தான் வந்தது. அது பென்சிலின் குறை. நெல்லையப்பன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "தேய்ச்ச நம்பரா இருக்கே. திருட்டு வண்டியிலதான் இப்பிடித் தேய்ப்பானுவ" என்றார். திருட்டு! எங்கள் அம்மாவைப் பார்த்து! சுத்தமாக வைத்திருந்தது குற்றமாகிவிட்டது. நான் சொல்கிறேன், உங்கள் ஸ்கூட்டரைத் துடைக்காதீர்கள். எந்தத் தூசி எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். இவர்களுக்குச் சுத்தம் ஆகாது.

"இன்ஸ்பெக்டர் நேர்ல பாக்கணும். வண்டியக் கொண்டாங்க. அவரு திருப்தியானா நம்பரத் திருப்பி அடிக்க உத்தரவு தருவாரு. இல்லைன்னா உடைக்கிறதுக்கு எழுதிருவாரு" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "உடைச்சிருவாங்களா?" என்றாள். அவ்வளவுதான். அம்மா அழமாட்டாள், அண்ணாச்சி. மாடு செத்தபோதுகூட அழவில்லை. அன்றைக்குக் கண்ணைத் துடைத்தாள். எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. ஒரு பேருக்காக, வெறும் ஒரு பேருக்காக, ஒரு பெண் இவ்வளவு வேதனைப்படுகிறாள் என்றால் அந்தப் பேரில் எவ்வளவு இருக்க வேண்டும்! விடக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டேன்.

அந்தச் சமயம் வீட்டிலும் கஷ்டம். பால் வேன்காரன் விலையில் அடிக்கிறான் என்று அம்மா அவனுக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டிருந்தாள். மெயின் ரோட்டு டீக்கடைகளுக்கும் ஒரு ஹோட்டலுக்கும் நேராகவே கொடுக்கிறாளாம். "அவ்வளவு தூரம் எப்படிம்மா போற?" என்று கேட்டேன். "போயிருதேன்" என்றாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. இடைத்தரகர் இல்லாத சந்தை என்பதைப் பற்றி அவளுக்குக் கொஞ்ச நேரம் விளக்கினேன். கெண்டைக்காலில் ஒரு சூட்டுக் காயம் வேறு, பெரிதாக, தோல் உரிந்து. பால் சட்டி பட்டுவிட்டது என்றாள். பால் சட்டி கெண்டைக்காலில் எப்படிப் படும்? ஆனால் அடுப்படி எங்கள் வீட்டில் அவ்வளவு இடுக்கு. பெண்கள் வேலை செய்யும் இடத்தின் அமைப்பைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

வண்டியை எடுத்துப் பார்க்க மெக்கானிக் சேக் மைதீனைக் கூட்டி வந்தேன். அவர் கொட்டகையில் குனிந்தார், ஒரே உதை, வண்டி டுபுடுபு என்று பிடித்துவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. "பத்து வருஷம் நின்ன வண்டி அண்ணே! அந்தக் காலத்து வேலைப்பாட்டைப் பாருங்க!" என்றேன். மைதீன் அண்ணன், "பத்து வருஷமா?" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா மாட்டைப் பார்த்தாள். "ஆமா ஆமா, நல்ல வேலைப்பாடுதான்" என்று சொல்லிவிட்டு, ஏனோ காசுகூட வாங்காமல் போனார். நல்ல மனுஷன்.

மனு எழுதியது நான்தான். நாலு பக்கம். அதில் ஒரு இடம் உங்களுக்குச் சொல்கிறேன், மனப்பாடமாகவே இருக்கிறது: "இவ்வாகனமானது கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக மாட்டுக் கொட்டகையில் அசைவற்று நின்றுள்ளமையாலும், பொதுச் சாலையில் ஓர் அடியேனும் ஓட்டப்படாமையாலும், பதிவு புதுப்பிக்கப்படாத காலத்துக்கான அபராதம் எதுவும் எமக்குப் பொருந்தாது என்பதைப் பணிவுடனும் உறுதியுடனும் தெரிவித்துக்கொள்கிறோம்." எப்படி? ஓடாத வண்டிக்கு அபராதம் எப்படிப் போடுவாய்? அதுதான் என் வாதத்தின் ஆணிவேர்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும், "அசைவற்றுன்னு போடாத, குழலி" என்றாள்.

"அது சட்ட மொழிம்மா. ஓடலைன்னு அர்த்தம்."

"அதத்தான் சொல்லுதேன். போடாத."

"உனக்குப் புரியலம்மா. இந்த ஒரு வரியிலதான் கேஸே நிக்குது."

"இல்லட்டி, நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீ பேசாம இரும்மா. கையெழுத்தைப் போடு."

போடமாட்டேன் என்றுவிட்டாள்! கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பயம், வேறென்ன? தலைமுறை தலைமுறையாகக் காகிதத்தில் கை வைக்கப் பயப்பட வைத்திருக்கிறார்கள். சரி என்று, "உலகம்மாளுக்காக, மகள் குழல்வாய்மொழி" என்று நானே கையெழுத்துப் போட்டேன். அவள் குரலாக யாராவது இருந்தாக வேண்டுமே.

இன்ஸ்பெக்டர் பார்க்கிற நாள் வந்தது. அசையாத வண்டியை ஓட்டிக்கொண்டு வர முடியுமா? அது என் மனுவுக்கே முரணாகிவிடும். அதனால் குட்டியானை வேன் ஒன்றைப் பிடித்து, வண்டியை ஏற்றிக் கயிறு கட்டிக் கொண்டுவந்தோம். அம்மா பின்னால் நின்று வண்டியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மெயின் ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இன்னைக்கு வண்டி உங்களத் தூக்காம, நீங்க வண்டியத் தூக்கிட்டுப் போறீக?" என்று கத்தினார். என்ன உளறல் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொது இடத்தில் ஒரு பெண் நிமிர்ந்து நின்றால் கேலி.

அதோ அந்தப் பொட்டல்தான், எட்டுப் போடுகிற இடம். அங்கேதான் இறக்கினோம். இன்ஸ்பெக்டர் பேர் ஞானதுரை. அதிகம் பேசாதவர். நான் மனுவின் சாரத்தை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. குந்த உட்கார்ந்து சேஸிஸ் நம்பரைப் பார்த்தார். "யாரு தேய்ச்சது?" என்றார். "நான்தான் சார், துருவை எடுக்க" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். டார்ச் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். எஞ்சின் நம்பரையும் பார்த்தார். பழைய ஆபீஸ் ரெக்கார்டோடு சரியாக இருந்தது. சாய்த்துப் பார்த்தால் தெரியும் என்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா?

பிறகு டயரைத் தடவினார். செயினில் விரலை வைத்து எடுத்து, விரலைப் பார்த்தார். பிரேக் பெடலைப் பார்த்தார். அது நடுவில் பளபளவென்று தேய்ந்திருந்தது. "அசைவற்று நின்ன வண்டிங்கீங்க" என்றார்.

"ஆமா சார். மூணாம் பக்கம் பாருங்க."

"பாத்தேன். எஞ்சினை ஓட விடுங்க, புகை பாக்கணும்."

நான்தான் போனேன். வேறு யார்? கிக்கரை மிதித்தேன். ஒன்றும் இல்லை. ஓங்கி மிதித்தேன். அது திருப்பி என் முழங்காலுக்குக் கீழே ஒரு அடி வைத்தது பாருங்கள், கண்ணில் பூச்சி பறந்தது. செருப்பு ஒரு பக்கம் போய் விழுந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள். நெல்லையப்பன்கூட ஜன்னலை விட்டு வெளியே வந்து நிற்கிறார். மூன்றாம் முறை மிதிக்கக் காலைத் தூக்கும்போது, "தள்ளுட்டி" என்று ஒரு குரல்.

அம்மா. சேலையை முழங்காலுக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகினாள். பெட்ரோல் டேங்குக்குக் கீழே எதையோ திருகினாள். எதையோ இழுத்தாள். கிக்கரைக் காலால் மெதுவாக ஒரு இடம் வரைக்கும் இறக்கினாள், பிறகு ஒரே உதை. வண்டி பிடித்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். "வண்டிய யாரு ஓட்டுறது?"

"சார், மனுவில் தெளிவா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்கம்மா. நான் ஓனர்கிட்ட கேக்கேன்."

கவனித்தீர்களா? ஓனர்கிட்ட என்றார்! இத்தனை மாசப் போராட்டத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அந்த இடத்தில் நான் ஜெயித்துவிட்டேன், அண்ணாச்சி. அதை நெல்லையப்பனும் கேட்டார், சாட்சி. அதோடு நின்றிருந்தால் எல்லாம் சுபம்.

"நாந்தான் ஓட்டுதேன்" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதற்றத்தில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்களா? "சார், அவங்க படபடப்புல சொல்றாங்க. அவங்களுக்குப் பிரேக் எது கிளட்ச் எதுன்னே தெரியாது. நான் அவங்க மக, எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துத்தான் சொன்னாள். "வேன்காரன் வழிக்கு வரல சார். பஸ்ஸுல கேன் ஏத்தவிடமாட்டேங்கான். பால் காத்துக்கிட்டு நிக்குமா? வாய்க்கால் கரையில உருட்டி உருட்டிப் பழகுனேன். ரெண்டு தடவ வயலுக்குள்ள போயிட்டேன். இப்ப ஓட்டிருவேன்." சொல்லிவிட்டு, நான் "அம்மா!" என்று கத்துவதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கியரைப் போட்டாள். அந்தப் பொட்டலில் எட்டு வரைந்திருக்கிறதே, அதில் போனாள். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, காலை ஊன்றவில்லை. லைசென்ஸ் வாங்க வந்து நின்ற பையன்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தன் விசிலடித்தான். நெல்லையப்பன் கண்ணாடியைச் சரிசெய்து அதன் வழியாகவே பார்த்தார், முதன்முறையாக.

நான் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நாலு பக்கம், அண்ணாச்சி. பணிவுடனும் உறுதியுடனும்.

பின்னால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அபராதம் போட்டார்கள். கட்டினோம். நம்பரைத் திருப்பி அடிக்க உத்தரவு வந்தது, ஆர்.சி. வந்தது, உலகம்மாள் என்றுதான் வந்தது. லைசென்ஸுக்குத்தான் இன்றைக்கு உள்ளே போயிருக்கிறாள். அதுவரைக்கும் பாலை மைதீன் அண்ணனுடைய தம்பி கொண்டுபோகிறான். எல்லாரும் இதை நல்ல முடிவு என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சட்டப்படி நாங்கள் ஜெயித்த கேஸ் அது. அபராதமே இல்லாமல் ஜெயித்திருக்க வேண்டியது. அசைவற்று என்ற ஒரு சொல்லை அவள் காப்பாற்றியிருந்தால் போதும். என் அம்மாவுக்கு நடந்த அநியாயத்தை நான் நிரூபிக்க இருந்தேன், அவளே வந்து குறுக்கே நின்றுவிட்டாள். இதை எந்த மேடையில் போய்ச் சொல்ல?

அந்தக் கடைசிக் கேள்வியிலாவது தப்பித்திருக்கலாம். அம்மா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். இன்ஸ்பெக்டர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, லைசென்ஸ் கிடையாது. ஆர்.சி. கிடையாது. இன்சூரன்ஸ் கிடையாது. இத்தனை நாளா ரோட்டுல ஓட்டியிருக்கீங்க. தப்புன்னு தெரியுமா, தெரியாதா?"

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினேன். தெரியாது என்று சொல், தெரியாது என்று சொல். அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், அறியாமல் நடந்தது என்று அங்கேயே ஒரு வாதம் கட்டி எழுப்பியிருப்பேன். அம்மா என்னைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"நல்லாத் தெரியும் சார். அதான வந்து நிக்கேன். சும்மா நிக்கிற வண்டிக்கு எவளாவது பேப்பர் கேட்டு வருவாளா?"